அறுநூற்று எண்பது கிலோ

ஒரு சன்னலில் லாரி.
இன்னொரு சன்னலில் கார்.
கம்ப்யூட்டர் ஒன்றுதான்,
முதலாளிக்குத் தெரியாது.

புளியரை எடைமேடையில் எனக்கு ராத்திரி வேலை.
லாரி ஏறும்போது இரும்பு லேசாக முனகும்.
நாற்பத்தோராயிரத்து இருநூற்று இருபது.
சீட்டு அச்சாகி முடியுமுன்
பிரதாபன் சேட்டன் கேபினிலிருந்து எட்டிப் பார்ப்பார்:
"எத்ரயா மோளே?"
சொன்னதும் "கூடிப்போயி" என்பார்,
வேறு யாரோ ஏற்றிவிட்டதுபோல.
பிறகு அந்த மணல்
முதல் கியரில் அழுதுகொண்டே எஸ் வளைவுக்குப் போகும்.

என் கார் அறுநூற்று எண்பது கிலோ.
நானூறு குதிரை.
ஒரு குதிரைக்கு ஒரு கிலோ எழுநூறு கிராம்.
கணக்கு எனக்குச் சோறு போடுகிறது, தப்பாது.
இந்த வண்டியைத் திருப்ப வேண்டாம்,
நினைத்தால் போதும்.
நினைத்ததற்கு மேலும் திரும்பும்.
மூன்றாம் வளைவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால்
பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னே வந்து
நீ யார் என்று கேட்கும்.

ஸ்டியரிங் பழசு, கொல்லத்தில் வாங்கியது,
ரப்பர் உரிந்தது.
சேட்டனின் காலி வண்டியில்
பில் இல்லாமல் மலையிறங்கி வந்தது.
படுதாக் கயிற்றால் மேசையோடு கட்டியிருக்கிறேன்.

பதினேழு ராத்திரி திருகினேன்.
பின் டயரில் காற்றைக் குறைத்தேன்:
இரண்டு சுற்று ஒட்டியது, சூடேறியதும் வழுக்கியது.
இறக்கையை நிமிர்த்தினேன்:
வளைவில் சாது, நேர்சாலையில் சோம்பேறி.
டிஃபரன்ஷியலை இறுக்கினேன், தளர்த்தினேன்,
திரும்ப இறுக்கினேன்.
எண்களையெல்லாம் வீணான எடைச்சீட்டின்
பின்பக்கம் குறித்துவைத்தேன்.
அதில் ஒன்று தவறி
ஒரு தவிட்டு வண்டியோடு ஆரியங்காவு போய்விட்டது.
அங்கே செக்போஸ்ட்டில் யாராவது
'பின் ஸ்பிரிங் இன்னும் இளக வேண்டும்' என்பதைப் படித்து
தவிட்டு மூட்டைகளைச் சந்தேகமாகப் பார்த்திருக்கலாம்.

புனலூர்க்காரன் ஒருவன், ரெஞ்சு.
அதே கார், அதே சாலை.
அவனுடைய நிழல்வண்டி என்னை ஊடுருவிக்கொண்டு
சத்தமில்லாமல் முந்திப் போகும்.
சுற்றாது. துள்ளாது.
பட்டியலில் அவன் நான்காவது.
முப்பிடாதி என்கிற நான் அறுபத்தெட்டு.
கெஞ்சாமல்தான் கேட்டேன். எண்களை அனுப்பினான்.
பார்த்தால் என்னுடையவையேதான்,
அங்கொரு கிளிக் இங்கொரு கிளிக்.
கடைசி வரி மட்டும் வேறு:
கூடுதல் எடை, எழுபத்து நான்கு.

இத்தனை நாள் கிராம் கிராமாகக் கழித்தவள் நான்.
எதற்கு இந்தச் சுமை என்று கேட்டேன்.
"ஞான் கேறண்டே?" என்று எழுதினான்.

சாரல் ஓய்ந்திருந்தது.
மணி மூன்று, சாலையில் வண்டி இல்லை.
செருப்போடு போய் மேடையின் நடுவில் நின்றேன்,
அறுபது டன்னுக்குக் கட்டிய இரும்பில்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவப்பு எண்:
நாற்பது. அறுபது. நாற்பது.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
கொஞ்சம் குனிந்தேன். அறுபது.
மூச்சைப் பிடித்தேன். நாற்பது.

உள்ளே வந்து ஐம்பது என்று வைத்தேன்.
மூன்றாம் வளைவு.
காலை எடுத்தேன்.
பின்பக்கம் கிளம்பியது,
யோசித்தது,
அங்கேயே இருந்துவிட்டது.
நேரம் என்னவோ பழையதைவிட அரை வினாடி அதிகம்.
அதைப் பற்றி நாளைக்குப் பார்க்கலாம்.

ஹாரன்.
மேடையில் மறுபடி மணல்.
சீட்டில் ஒரு கட்டம் உண்டு:
ஓட்டுநருடன் / ஓட்டுநர் இன்றி.
நாலு வருஷமாக நிமிராமலே டிக் அடித்துவந்தேன்.
எழுந்து எட்டிப் பார்த்தேன்.
ஹாரன் அடித்த கையோடு
பிரதாபன் சேட்டன் ஸ்டியரிங்கில் கன்னம் வைத்துக்
கண் மூடியிருந்தார்.
எண்பத்தைந்து கிலோவாவது இருப்பார்.
உண்டு என்று அடித்தேன்.